இணையத்தில் தாமே கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். வேலை பார்த்துக்கொண்டே புதிதாகக் கற்க வந்தவர்களும் உண்டு. எல்லோரும் இணையத்தில் கிடைக்கும் இலவசப் பாடங்களைக் கொண்டு பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதப் பழகுகிறார்கள். நான் ஆசிரியர் அல்லன். இதே பாடங்களைத் தனியாகப் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தவன் என்ற முறையில் அவர்களுடன் அமர்ந்து, தடைப்படும் இடத்தில் உதவுகிறேன். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில் விழுவதைப் பல மாதங்களாகப் பார்த்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். சோம்பல், நேரம் ஒதுக்காமை, படிக்கும்போது கைபேசியில் கவனம் சிதறுதல் ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் வேண்டிய அளவு சொல்லிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே சமயத்தில் ஐந்து பாடங்களில் சேர்வது

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக வெளியிடப்போவதாக அறிவித்தது 2001-ல். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தைத் தொடங்கியது 2003-ல். கோர்செரா, எடெக்ஸ் என்ற பாடத் தளங்கள் 2012-ல் வந்தன. மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017-ல் வந்தது. ஆகவே பாடம் கிடைக்கவில்லை என்ற குறை இன்று யாருக்கும் இல்லை. பலவற்றில் சேர்வதற்குப் பணம் கேட்பதில்லை என்பதால், ஒரு மாலைப்பொழுதில் இயந்திரக் கற்றல், வலைத்தள வடிவமைப்பு, புள்ளியியல் என்று கண்ணில் பட்டவற்றில் எல்லாம் சேர்ந்துவிடுகிறார்கள். நான்காவது வாரத்தில் ஐந்து பாடங்களின் பயிற்சிகளும் ஒரே நாளில் முடிக்க வேண்டியவையாக வந்து நிற்கும்போது ஐந்தையும் கைவிடுகிறார்கள். ஒன்றில் சேருங்கள். அதை முடித்த பிறகு அடுத்ததைத் தேடுங்கள்.

பார்த்ததைப் படித்ததாக எண்ணுவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். இணையத்தில் கற்கிறவர்களின் காலத்தை இந்தத் தவறு விழுங்குவதுபோல் வேறு எதுவும் விழுங்குவதில்லை. என் வாழ்க்கையில் ஓராண்டுக்கு மேல் இது கொண்டுபோயிற்று. இன்றும் ஒரு மாணவர் இதே தவறைச் செய்வதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2017-ல் நான் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இரவு எட்டரை மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டுவிட்டு, பதினொன்றரை வரை பாடக் காணொளிகளைப் பார்ப்பேன்.  பார்த்து முடித்த ஒவ்வொரு காணொளிக்கும் ஒரு குறிப்பேட்டில் நேரத்தை எழுதிவைத்தேன். அந்த ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தபோது இருநூறு மணி நேரத்துக்கு மேல் வந்தது. ஆசிரியர் திரையில் நிரலை எழுதும்போது ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிந்தது. புரிந்த காரணத்தால், அதை நானும் எழுத முடியும் என்று மனதார நம்பினேன்.

அந்த நம்பிக்கையோடு கோயம்புத்தூரில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, எண்களின் பட்டியலில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதச் சொன்னார்கள். வரிசைப்படுத்திக் கடைசிக்கு முந்தையதை எடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். தேர்வாளர் பொறுமையாக, “5, 7, 7 என்று கொடுத்தால் என்ன வரும்?” என்று கேட்டார். என் நிரல் 7 என்று சொல்லும். அவருக்கு வேண்டிய விடை 5. வரிசைப்படுத்தாமல் பட்டியலை ஒரே முறை கடந்து இதைச் செய்ய முடியுமா என்று அடுத்துக் கேட்டார். அந்தப் பாடத்தை நான் இரண்டு முறை பார்த்திருந்தேன்; ஆசிரியரின் குரல்கூட நினைவில் இருந்தது. ஆனாலும் முதல் வரியைத் தாண்டி என் பேனா நகரவில்லை. ஊர் திரும்பும் பேருந்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த இருநூறு மணி நேரத்தில் நான் சொந்தமாக எழுதி ஓட்டிப் பார்த்த நிரல் ஒன்றுகூட இல்லை.

இப்போது நூலகத்தில் நடப்பதைச் சொல்கிறேன். சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் என்பிடெல் வழியாக நடத்தும் எட்டு வாரப் பைத்தான் பாடத்தை எங்களில் பலர் எடுத்துக்கொள்கிறோம். அதன் முதல் வாரம் இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடிப்பதில் தொடங்கி, யூக்ளிடின் முறையில் (பெரியதைச் சிறியதால் வகுத்து, பிறகு சிறியதை மீதியால் வகுத்து, மீதி இல்லாமல் போகும்வரை தொடர்வது) வந்து முடிகிறது. பி.எஸ்சி. கணிதம் படிக்கும் மாணவி ஒருவர் மூன்று வண்ண மையில் அந்தப் பாடத்தை அச்சடித்ததுபோல் குறிப்பெடுத்திருந்தார். தலைப்புகளுக்குச் சிவப்பு, விளக்கத்துக்கு நீலம், நிரலுக்குப் பச்சை. “கேக்கும்போது எல்லாமே புரிஞ்சிதுண்ணா” என்றார். குறிப்பேட்டை மூடிவைக்கச் சொல்லி, 84, 36 என்ற இரண்டு எண்களைக் கொடுத்தேன். பெரியதைச் சிறியதால் வகுத்து மீதி 12 என்றார். பிறகு 36-ஐ 12-ஆல் வகுத்து, மீதி இல்லை, ஆகவே விடை 12 என்றார். சரியாகவே செய்தார்.

அடுத்து, எண்களை மாற்றி 36, 84 என்ற வரிசையில் கொடுத்தால் உங்கள் நிரல் என்ன செய்யும் என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, முதலில் எது பெரியது என்று பார்த்து இடம் மாற்றும் வரி ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றார். அப்படி ஒரு வரி தேவையில்லை. 36-ஐ 84-ஆல் வகுத்தால் ஈவு பூஜ்யம், மீதி 36. ஆகவே அடுத்த சுற்றில் 84-ஐ 36-ஆல் வகுக்கும் நிலை தானாகவே வந்துவிடும். முதல் வகுத்தலே இரண்டு எண்களையும் இடம் மாற்றிவிடுகிறது. தாளும் பென்சிலும் எடுத்து ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்திருந்தால் இதை அவரே கண்டுபிடித்திருப்பார். மூன்று வண்ணங்களில் எழுதிய அந்த நான்கு பக்கங்களில் அவர் கையால் போட்ட கணக்கு ஒன்றுகூட இல்லை. அவருடைய உழைப்பில் நான் எந்தக் குறையும் காணவில்லை. அவ்வளவு உழைப்பும் வேறு இடத்துக்குப் போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

புரிந்துவிட்டது என்ற உணர்வு ஏன் நம்மை இப்படி ஏமாற்றுகிறது என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஓர் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 83 விழுக்காடு, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று: திரும்பப் படித்தவர்களுக்கு 40, நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 61. காணொளி முடிந்த கையோடு நம்மை நாமே சோதித்துக்கொண்டால் எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

எனவே எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பத்து நிமிடக் காணொளி என்றால் ஆசிரியர் கணக்கைச் சொல்லி முடித்ததும், தீர்வைத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கால் மணி நேரம் தாமாக முயல வேண்டும். தவறாக வந்தாலும் பரவாயில்லை. அதன் பிறகே மிச்சத்தைப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் காணொளிச் சன்னலை மூடிவிட்டு, வெற்றுக் கோப்பில் முதலிலிருந்து எழுத வேண்டும். மூன்று நாள் கழித்து அதையே மீண்டும் ஒருமுறை பார்க்காமல் எழுத வேண்டும். இப்படிச் செய்தால் வாரத்துக்கு நான்கு காணொளிகளுக்கு மேல் நகர முடியாது. இதற்கு முன் வாரத்துக்கு முப்பது பார்த்தவர்களுக்கு முதல் மாதம் எரிச்சலாகவே இருக்கிறது. இரட்டை வேகத்தில் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். பாடத்தை எந்த வேகத்தில் வேண்டுமானாலும் பாருங்கள். கையால் எழுதும் நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

விடைகளை வாங்கி ஒட்டுவது

மேலே சொன்ன தவறின் உடன்பிறப்பு இது. பெரும்பாலான என்பிடெல் பாடங்களில் வாராந்தரப் பயிற்சிகளுக்குச் சேர்த்து 25 மதிப்பெண்ணும், மேற்பார்வையில் நடக்கும் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் உண்டு. பயிற்சி விடைகள் டெலிகிராம் குழுக்களில் வந்துவிடுவதால் பலர் 25-க்கு 24 வாங்கிவிடுகிறார்கள். தேர்வு மையத்துக்குப் போய் 75-க்கு 22 வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். சான்றிதழுக்குத் தேர்வில் குறைந்தது 30 வேண்டும். பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டுப் பயிற்சிகளின் மதிப்பெண்ணை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை இவர்களில் பலர் அறிவதில்லை. அதாவது நான்கு பயிற்சிகளில் தோற்க நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தைப் பயன்படுத்தி நேர்மையாகத் தவறு செய்யலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நிரலை எழுதி வாங்குவதற்கும் இது பொருந்தும்: நீங்கள் எழுதிய நிரல் ஏன் ஓடவில்லை என்று அதனிடம் கேளுங்கள், நிரலையே கேட்காதீர்கள்.

சேர்ந்துவிட்டால் தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நம்புவது

இல்லை. என்பிடெல்லில் பாடத்தில் சேர்வது வேறு. தேர்வுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்வது வேறு. அதற்குத் தனியாகக் கடைசி நாள் உண்டு.

முன்தேவையைப் படிக்காமல் தொடங்குவது

தொடங்கும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பாடத்தின் முகப்புப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். படியுங்கள்.

பணம் கட்டினால் பொறுப்பு வரும் என்று நினைப்பது

கடந்த ஆண்டு எங்களிடம் வந்த இளைஞர் ஒருவர், ஆறு மாதப் பயிற்சிக்கு மாதத் தவணையில் பணம் கட்டிக்கொண்டிருந்தார். வேலை உறுதி என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்தச் சொல்லே இல்லை. பயிற்சியை நடுவில் நிறுத்த விரும்பியபோதுதான், தவணை என்பது தம் பெயரில் வேறொரு நிதி நிறுவனத்தில் எடுக்கப்பட்ட கடன் என்று அவருக்குத் தெரியவந்தது. பாடம் நின்றது, தவணை நிற்கவில்லை. அவருடைய தந்தை தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே கற்பித்தவற்றில் நூலகத்து மேசையில் இலவசமாகக் கிடைக்காதது என்று எதையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

பணம் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடத்தை முழுவதும் இலவசமாகப் படிக்கலாம். பயிற்சிகளை முடித்தால் கட்டணமில்லாத சான்றிதழ் ஒன்றும் கிடைக்கிறது. எடெக்ஸ் வழங்கும் சரிபார்க்கப்பட்ட சான்றிதழுக்குத்தான் கட்டணம். கோர்செராவில் பணம் கட்ட இயலாதவர்கள் நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்க வழியிருக்கிறது. ஏன் கற்க விரும்புகிறோம் என்பதைச் சொந்த வார்த்தைகளில் எழுத வேண்டும், முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். இலவச முயற்சிக் காலம் என்று அட்டை எண்ணைக் கேட்கும் தளங்களில், அக்காலம் முடியும் நாளைச் சேரும்போதே குறித்துவையுங்கள்.

கைபேசி மட்டும் போதும் என்று இருப்பது

கைபேசியில் பாடம் கேட்கலாம். நிரல் எழுதிப் பழக விசைப்பலகை வேண்டும். வீட்டில் கணினி இல்லையென்றால் நூலகத்தில் கேளுங்கள்.

தமிழில் ஒன்றும் இல்லை என்று ஒதுங்குவது

தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கில உரையைக் கேட்டு மிரண்டு, முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நானும் தமிழ்வழியில் படித்தவன். அந்த மிரட்சி எனக்குத் தெரியும். என்பிடெல் பாடங்கள் பலவற்றுக்கு உரையின் எழுத்து வடிவம் கிடைக்கிறது. சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டத்தில் லிப்ரே ஆஃபீஸ் போன்ற மென்பொருள்களுக்கான பாடங்களைத் தமிழ் ஒலியில் கேட்கலாம். திரையின் ஒரு பக்கத்தில் காணொளியையும் மறுபக்கத்தில் மென்பொருளையும் திறந்து வைத்து, சொல்லச் சொல்லச் செய்து பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் வகுத்திருக்கும் முறை. கணினியையே தொட்டிராதவர்களை நான் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்கிறேன்.

விசைத்தறி ஓட்டும் ஒருவர் இரவுப் பணி முடிந்து நேராக நூலகத்துக்கு வருவார். ஆங்கில உரையின் எழுத்து வடிவத்தை அச்செடுத்து, வரிகளுக்கு இடையே பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டு படித்தார். பைத்தானின் மூன்றாம் பதிப்பு, நிரலில் மதிப்புகளை வைக்கும் மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளில் பெயர் வைக்க அனுமதிக்கிறது என்பதை ஒரு நாள் அவருக்குக் காட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யூக்ளிடின் முறையைப் பார்க்காமல் எழுதிக்கொண்டு வந்தார். வகுத்தலில் எஞ்சுவதை வைக்கும் மாறிக்கு ‘மீதி’ என்று பெயரிட்டிருந்தார். 36, 84 என்று கொடுத்து ஓட்டினோம். முதல் சுற்றில் மீதி 36 என்று திரையில் வந்ததும், நான் கேட்பதற்கு முன்பே, “இங்கதான் ரெண்டும் இடம் மாறுது சார்” என்றார்.