எஞ்சின் மொனிற்றர் அமைப்புகள்: காப்புப் பிரதியில் நடக்கும் தவறுகள்

எஞ்சின் மொனிற்றர் என்பது சிறு விமானத்தின் எஞ்சின் வெப்பம், எண்ணெய் அழுத்தம், எரிபொருள் ஆகியவற்றை விமானிக்குத் திரையில் காட்டும் கருவி. அதிலிருந்து பென்ட்ரைவில் இறக்கிய பறப்புப் பதிவை அமைப்புகளின் காப்புப் பிரதி என்று நம்புவதுதான் முதல் தவறு. சிலிண்டர்கள் எவ்வளவு சூடாகின, எண்ணெய் அழுத்தம் எங்கே நின்றது என்பதைத்தான் அந்தப் பதிவு சொல்லும். எரிபொருள் கே-காரணி (ஒரு கலன் எரிபொருள் ஓடும்போது சென்சர் தரும் துடிப்புகளின் எண்ணிக்கை), தாங்கி அளவீட்டு அட்டவணை (சென்சரின் எந்த வாசிப்புக்குத் தாங்கியில் எவ்வளவு எரிபொருள் என்பது), எச்சரிக்கை எல்லைகள், அலகுகள், எந்த இணைப்பு வாயிலில் எந்த சென்சர் என்ற அமைப்புகள் வேறு. மொனிற்றரை மாற்றினாலோ, தொழிற்சாலை நிலைக்கு றீசெற் செய்தாலோ இவைதான் தொலையும். பதிவுக் கோப்பை வைத்து இவற்றைத் திரும்ப ஏற்ற முடியாது.

இரத்மலானையில் நிற்கும் ஒரு செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். எரிபொருள் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோஸ்கான் 201 சென்சருக்கு ஓர் அமெரிக்க கலனுக்குச் சுமார் 29,000 துடிப்புகள்; ரெட் கியூப் வகைக்கு 68,000. மொனிற்றரில் இதை ஆயிரத்தில், 29.00 என்று பதிவார்கள். இவை தொடக்க எண்கள் மட்டுமே. குழாய் வளைவும் சென்சர் பொருத்திய விதமும் விமானத்துக்கு விமானம் வேறுபடும். மொனிற்றர் 114 லீற்றர் செலவு என்று காட்டி, பவுசரிலிருந்து அதே மட்டத்துக்கு நிரப்ப 120 லீற்றர் பிடித்தால், 29.00 × 114 ÷ 120 = 27.55 என்று திருத்த வேண்டும். பல நிரப்பல்களில் பொறுமையாகக் கண்டுபிடித்த இந்த எண் தொலைந்து மறுபடி 29.00 வந்தால், 100 லீற்றர் எரிந்தபின் திரை 95 என்றே காட்டும். தாங்கியில் இல்லாத 5 லீற்றரை இருப்பதாக விமானி எண்ணிக்கொள்வார். எல்லாப் பிழைகளிலும் இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

தாங்கி அட்டவணை தொலைந்தால் வேலை இன்னும் பெரிது. எரிபொருளை முழுவதும் இறக்கி, விமானத்தைப் பறக்கும் நிலைக்கு மட்டம் பார்த்து நிறுத்தி, பயன்படாத அளவை முதலில் ஊற்றி அதைப் பூச்சியமாக்கி, பிறகு படிப்படியாக நிரப்பி, ஒவ்வொரு படியிலும் அசைவு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். 172எஸ் வகையில் மொத்தம் 56 அமெரிக்க கலன், பயன்படுவது 53. அதாவது ஒரு பக்கத்துக்கு ஒன்றரைக் கலன் பயன்படாதது. ஆகவே ஒவ்வொரு படியிலும் ஊற்றிய அளவையும் சென்சரின் மூல வாசிப்பையும் சோடியாக, இடது வலது தனித்தனியே, தாளிலும் எழுதி வையுங்கள்.

அலகைக் குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதுவதும் கெடுக்கும். அமெரிக்க கலன் 3.785 லீற்றர், பிரித்தானிய கலன் 4.546 லீற்றர். எச்சரிக்கை எல்லைகளில் மின்னழுத்தத்தைக் கவனியுங்கள்: 12 வோல்ற் பற்றரிக்கான எல்லைகள் 24 வோல்ற் விமானத்தில் ஏறினால் அலாரம் ஓயாது, விமானி அதை அலட்சியம் செய்யப் பழகிவிடுவார். எல்லைகளை அந்த விமானத்தின் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். முதன்மைக் கருவியாக அங்கீகரித்த மொனிற்றரில் அவற்றை மாற்றுவது உரிமம் பெற்ற பொறியியலாளரின் வேலை. லொக் புத்தகத்திலும் பதிய வேண்டும்.

கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி உள்ள மொனிற்றரில், கையேடு சொல்லும் வடிவத்தில் (பெரும்பாலும் ஃபற்32, அதாவது FAT32 என்னும் கோப்பு முறை) தயாரித்த பென்ட்ரைவையோ நினைவக அட்டையையோ போடுங்கள். பற்றரி தளர்ந்திருந்தால் தரை மின்சாரம் கொடுங்கள். எழுதும் நடுவில் மின்சாரம் விழுந்தால் கோப்பு அரைகுறையாகும். பிறகு கணினியில் திறந்து, கோப்பின் அளவு பூச்சியமில்லை என்று பாருங்கள். ஏற்றுமதி வசதி இல்லையென்றால் அமைப்புப் பக்கம் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி எண்கள் மங்கும்; ஆவணமாக அனுப்புங்கள். கோப்புப் பெயரில் விமானப் பதிவு எண், திகதி, மென்பொருள் பதிப்பு மூன்றும் இருக்கட்டும். ஒரு பிரதி விமானத்தோடு, இன்னொன்று வீட்டில்.

மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் புதிதாக ஒரு பிரதி எடுங்கள். பழைய பதிப்பின் கோப்பைப் புதியது ஏற்காமல் போகலாம். ஒரே மாதிரி விமானம் என்பதற்காக ஒன்றின் கோப்பை மற்றதில் ஏற்ற வேண்டாம். கே-காரணியும் தாங்கி அட்டவணையும் கூடவே போய்விடும், திரையில் எந்தப் பிழையும் தெரியாது.

திரும்ப ஏற்றியபின் பக்கம் பக்கமாகப் படங்களோடு ஒப்பிட்டு, தரையில் எஞ்சினை ஓட்டி எண்ணெய் அழுத்தத்தையும் வோல்ற்றையும் பாருங்கள். அடுத்த மூன்று நிரப்பல்களில் பவுசர் பற்றுச்சீட்டின் லீற்றரையும் மொனிற்றர் காட்டும் லீற்றரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்; அதுவரை எரிபொருளைத் தாங்கிக்குள் குச்சி விட்டே அளந்து புறப்படுங்கள்.