பிளாஷ் அடித்ததும் பின்னால் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

சென்ற மாதம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். மாலை மழை விட்டு, இரதம் புறப்படும் நேரம். செம்பனை மரங்களுக்கு மேலே வானம் இன்னும் கருநீலமாக இருந்தது. கோயில் முகப்பு முழுக்கச் சர விளக்கு. கூட்டத்தில் இரண்டு தம்பிகள் புதுக் கேமராவும் புதுப் பிளாஷுமாக ஓடி ஓடிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னிடம் வந்து கேமராவின் திரையைக் காட்டினார். நடுவில் பால்குடம் தூக்கிய ஓர் அம்மா, நெற்றியும் மூக்கும் வெளுத்துப்போய் நின்றார். சுற்றிலும் ஒரே இருட்டு. கோயில் இல்லை, இரதம் இல்லை, வானம் இல்லை. அவருக்குப் பின்னால் வந்த நாற்பது பேரும் இல்லை.

“ஷார்ப்பா வந்திருக்குல்ல அங்கிள்?” என்று கேட்டார்.

ஷார்ப்பாகத்தான் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 1999-இல் நான் எடுத்ததும் இதே மாதிரிப் படங்கள்தான். அவற்றால் என்ன போயிற்று என்பதைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பட்டரியை சார்ஜ் செய்ய மறப்பது, பிளாஷைச் சரியாகப் பூட்டாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அவரவரே திருத்திக்கொள்வார்கள். வருடக்கணக்காகச் செய்தும் தவறு என்றே தெரியாமல் போகிற சிலவற்றைச் சொல்கிறேன். முதலாவதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

பின்னணியைக் கறுப்பாக்குவது

நான் தனியாக ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம் ஒரு ரப்பர் தோட்டத்து டேவானில், அதாவது பொது மண்டபத்தில், நடந்தது. கேமராவில் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறன்) 100 பிலிம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 நொடி, லென்ஸ் திறப்பு எஃப்/8. பிளாஷ் முழு சக்தியில். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் வைக்கச் சொல்லியிருந்தார், நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. கெட்டிமேளம் தொடங்கியதும் பரபரப்பில் ஒரு படம் தட்டிவிட்டேன். அடுத்த நொடி மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். மறுபடி அடிக்கத் தயார் என்று காட்டும், பிளாஷின் முதுகில் இருக்கும் சின்ன விளக்கு இன்னும் எரியவில்லை. முதல் முடிச்சு விழுந்தது, விளக்கு எரியவில்லை. நான் அழுத்தினேன். ஷட்டர் சத்தம் மட்டும்தான் வந்தது. ஈப்போவில் பிலிமைக் கழுவி வாங்கியபோது அந்த இடத்தில் ஒன்றுமில்லை. பெண்ணின் அப்பா ஆல்பத்தைக் கடைசிவரை புரட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் மூடி வைத்தார்.

அதுதான் பெரிய இழப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்துப் பதினொரு வருடம் கழித்து அந்தப் பெண் எனக்குப் போன் செய்தார். தோட்டம் கைமாறி, பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். லயத்து வீடுகளை இடித்தாயிற்று, டேவானும் போய்விட்டது. “அண்ணே, நம்ம பழைய மண்டபம் தெரியற மாதிரி ஏதாவது படம் இருக்கா? மேடைக்குப் பின்னால ஆயா உட்கார்ந்திருந்தாங்க, அவங்க படம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல.”

ஐந்து ரோல் நெகட்டிவையும் எடுத்து விளக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். மணமக்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எதுவும் பதியாத வெற்றுப் பிலிம். சுவரில்லை, ஜன்னலில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகளில்லை, ஆயாவுமில்லை. வெளிச்சம் எட்டாத இடத்தைப் பிலிம் பதிவு செய்வதே இல்லை, அதை இப்போது எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அத்தனை பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தை நானே என் கையால் அழித்திருக்கிறேன். அதனால்தான் இந்தத் தவறை இன்று யார் செய்து பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பிளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு வெளிச்சம் பதிகிறது. ஒன்று பிளாஷின் வெளிச்சம், மற்றொன்று அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம். அப்பர்சரும் (லென்ஸ் திறப்பு; எஃப் எண் கூடினால் திறப்பு சுருங்கும்) ஐ.எஸ்.ஓ.வும் இரண்டையுமே கூட்டும், குறைக்கும். ஷட்டர் வேகம் மட்டும் இடத்து வெளிச்சத்தோடு நின்றுவிடும், ஏனென்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் பிளாஷ் மின்னி முடிந்துவிடுகிறது. 1/60 வைத்தாலும் 1/200 வைத்தாலும் முகத்தில் விழும் பிளாஷ் அதே அளவுதான். பின்னணி மட்டும் மாறும். ஆக, பின்னணியைத் திறந்து மூடும் குழாய் உங்கள் ஷட்டர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மண்டபத்தில் பிளாஷ் இல்லாமல் சரியாக எடுக்க ஐ.எஸ்.ஓ. 800, எஃப்/4, 1/60 தேவை என்று வைத்துக்கொள்வோம். அங்கே போய் நீங்கள் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/5.6, 1/200 வைக்கிறீர்கள். ஐ.எஸ்.ஓ.வில் எட்டில் ஒரு பங்கு. அப்பர்சரில் அதிலும் பாதி. ஷட்டரில் அதிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே. மொத்தத்தில் மண்டபத்தின் வெளிச்சம் ஐம்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. பிறகு எங்கிருந்து சுவர் தெரியும்?

தாலி கட்டு தப்பியதற்கும் காரணம் இதேதான். ஐ.எஸ்.ஓ. 100-இல் பிளாஷ் ஒவ்வொரு முறையும் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொட்ட வேண்டியிருக்கிறது. மறுபடி நிறைய மூன்று முதல் ஐந்து நொடி பிடிக்கும். பட்டரி களைத்துவிட்டால் இன்னும் அதிகம். ஐ.எஸ்.ஓ.வை 800-க்கு ஏற்றினால் அதே முகத்துக்கு எட்டில் ஒரு பங்கு சக்தி போதும். தட்டத் தட்ட அடிக்கும், சூடாகாது, பட்டரியும் மாலைவரை தாங்கும்.

தம்பிகளிடம் இதைச் சொன்னால் இரண்டு பயத்தைச் சொல்வார்கள். முதல் பயம், ஐ.எஸ்.ஓ. ஏற்றினால் புள்ளி புள்ளியாக வரும் என்பது. இன்றைய சென்சரில் 800, 1600-க்கெல்லாம் பயப்படவே வேண்டாம். முகத்தில் போதிய வெளிச்சம் விழுந்தால் அச்சில் யாருக்கும் தெரியாது. இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் தூக்கினால்தான் புள்ளி கொட்டும்.

இரண்டாவது பயம், 1/60-இல் ஆள் அசைந்தால் கலங்கிவிடும் என்பது. பிளாஷின் மின்னல் எவ்வளவு சின்னது என்று தெரிந்தால் இந்தப் பயம் போய்விடும். முழு சக்தியிலேயே அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடிதான், சக்தி குறையக் குறைய இன்னும் சுருங்கும். பால் துளி தெறித்துக் கிரீடம்போல் எழும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். எம்.ஐ.டி.யில் இருந்த ஹெரால்ட் எட்ஜெர்டன் 1957-இல் எடுத்தது. அந்தத் துளியை உறைய வைத்ததும் மின்னல்தான், ஷட்டர் இல்லை. மண்டபத்து வெளிச்சம் பிளாஷைவிட ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) குறைவாக இருக்கும்வரை முகம் நறுக்கென்று நிற்கும். இரண்டும் சமமாகிவிட்டால்தான் அசைபவரைச் சுற்றி நிழல்போல ஓர் உருவம் விழும்.

சரி, நான் இப்போது என்ன செய்கிறேன்? மண்டபத்துக்குள் நுழைந்ததும் பிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுப்பேன். கேமரா மேனுவலில், ஐ.எஸ்.ஓ. 800, எஃப்/4, 1/60. பின்சுவரும் உட்கார்ந்திருப்பவர்களும் கொஞ்சம் மங்கலாக, ஆனால் இன்னார் என்று அடையாளம் தெரியும்படி வர வேண்டும். வராவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு ஏற்றுவேன். அது சரியானதும் பிளாஷைப் போட்டு முகத்தை மட்டும் அதைக்கொண்டு நிரப்புவேன். மஞ்சள் பல்பு நிறைந்த இடமென்றால் பிளாஷின் முகத்தில் ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) ஒட்டி, கேமராவின் ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) பல்புக்கு மாற்றிக்கொள்வேன். பிளாஷ் வெளிச்சம் பகல் வெளிச்சத்தின் நிறம், சுமார் 5500 கெல்வின். பல்பு 3000-ஐ ஒட்டி நிற்கும். ஜெல் இல்லாவிட்டால் முகம் ஒரு நிறம், மண்டபம் ஒரு நிறம் என்று பிரிந்துவிடும்.

வெளியில் அந்தி நேரமென்றால் ஷட்டரில் கை இருந்துகொண்டே இருக்க வேண்டும். நம் பேராக்கில் சூரியன் ஏழேகால், ஏழரைக்குள் மறைந்துவிடும். அதன்பின் அந்தக் கருநீலம் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் நிற்கும். 1/125-இல் தொடங்கி, 1/60, 1/30 என்று வானத்தோடு சேர்ந்து இறங்கி வாருங்கள். பிளாஷைத் தொடவே வேண்டாம்.

அந்தத் தம்பியின் கேமராவை வாங்கி ஐ.எஸ்.ஓ. 1600, 1/40 வைத்துக் கொடுத்தேன். அடுத்த படத்தில் இரதம் வந்தது, விளக்கு வந்தது, அந்த அம்மாவின் பின்னால் அவருடைய பேத்தி நின்றுகொண்டிருந்ததும் வந்தது.

வெட்டவெளியில் பிளாஸ்டிக் குல்லா

பிளாஷின் தலையில் மாட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் டிஃப்யூசரை எல்லா இடத்திலும் கழற்றாமல் சுற்றுகிறார்கள். அது வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். வெள்ளைச் சுவரும் தாழ்ந்த கூரையும் இருந்தால் சிதறியது முட்டித் திரும்பி முகத்துக்கு வரும், மென்மையும் வரும். ஈப்போ கல்லுமலை ஆலயத்துத் தைப்பூசத்தில், நடு வெயிலில், அது எதில் முட்டும்? குல்லாவின் அளவும் பிளாஷின் அளவும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் நிழலும் மென்மையாகாது.

இழப்பு மட்டும் உண்டு. பெட்டியில் கைடு நம்பர் (பிளாஷ் எட்டும் தூரத்தைக் கணக்கிடும் எண்) 60 என்று போட்டிருக்கும். அது பிளாஷின் தலையை 200 மி.மீ. ஜூமில் குவித்து அளந்தது. 35 மி.மீ.க்கு வந்தால் 36 அளவில்தான் நிற்கும். வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, 1/200, எஃப்/11 என்றால் 36-ஐ 11-ஆல் வகுங்கள். மூன்றேகால் மீட்டர்தான் எட்டும். குல்லா இரண்டு ஸ்டாப் தின்றுவிட்டால் ஒன்றரை மீட்டர் சொச்சம். காவடியின் கம்பிகளே அவ்வளவு தூரம் நீண்டிருக்கும், அவ்வளவு கிட்டே போக முடியாது. கழற்றிப் பையில் போடுங்கள்.

கூடாரத் துணியில் முட்டவிடுவது

பௌன்ஸ் (வெளிச்சத்தை எதிலாவது முட்டவிட்டுத் திருப்புவது) கற்றுக்கொண்ட புதிதில் எதைக் கண்டாலும் பிளாஷின் தலையை மேலே தூக்குவோம். வெளிச்சம் முட்டிய இடத்தின் நிறத்தைச் சுமந்துகொண்டுதான் திரும்பும். நீலத் தார்ப்பாய் கட்டிய வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண் நீலமாகிவிட்டார், பச்சைச் சுவர் மண்டபத்தில் தாய்மாமனுக்குக் காமாலை வந்ததுபோல் ஆயிற்று. உயர்ந்த தகரக் கூரையில் முட்டினால் திரும்பியே வராது. அங்கெல்லாம் யாராவது வெள்ளைச் சட்டைக்காரரை உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கச் சொல்லி அதில் முட்டவிடலாம். அல்லது நேராகவே, குறைந்த சக்தியில் அடிக்கலாம். பின்னணி ஏற்கெனவே சரியாக இருந்தால் நேரடி பிளாஷ் அவ்வளவு கொடுமையாகத் தெரியாது.

வெள்ளை வேட்டியும் டி.டி.எல்.லும்

டி.டி.எல். என்கிற தானியங்கி முறையில் பிளாஷ் முதலில் ஒரு சின்ன மின்னலை அடித்து, திரும்பி வருவதை கேமரா அளந்து, பிறகு உண்மையான அளவை முடிவு செய்கிறது. எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணித்தான் அது அளக்கும். மாப்பிள்ளை பட்டு வேட்டி, வெள்ளை ஜிப்பா, பின்னால் வெள்ளைத் திரை என்றால் வெளிச்சம் கூடிப்போனதாக நினைத்துக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் இருண்டுபோகும்.

இந்த இடத்தில்தான் பலர் ஓர் அநியாயம் செய்கிறார்கள். கணினியில் முகத்தை மட்டும் வெளுக்க வைக்கிறார்கள். நம்முடைய நிறம் மிக அழகான நிறம், சரியாக வெளிச்சம் விழுந்தால் அதில் செம்பும் தேனும் தெரியும். வெள்ளை அதிகமுள்ள காட்சியில் பிளாஷ் ஈடுசெய்தலை (பிளாஷின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1-க்குக் கொண்டுபோங்கள், கறுப்புக் கோட்டு என்றால் -1 பக்கம் இறக்குங்கள். முகம் தன் நிறத்திலேயே வந்துவிடும். வியர்வையில் மினுங்கும் முகத்துக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம் நல்லது.

பழைய பட்டரியையும் புதியதையும் கலப்பது

நான்கில் ஒன்று சோர்ந்தாலும் நான்கும் சோரும். செட் செட்டாக எண் எழுதி வையுங்கள்.

அப்பா காலத்துப் பிளாஷ்

சில பழைய மாடல்களில், கேமராவைத் தொடும் டிரிக்கர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அளந்து பார்க்காமல் புதுக் கேமராவில் செருகாதீர்கள்.

அருள் வந்தவர் முகத்தில்

வேண்டாம். ஒதுங்கி நின்று எடுங்கள்.

தீபாராதனை

பிளாஷை அணைத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 3200, எஃப்/2.8, 1/60. பூசாரியின் கையில் இருக்கும் வெளிச்சம் போதும்.