ஸ்காலர்ஷிப் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள்

பிள்ளை ஒன்பதாம், பத்தாம் வகுப்பு படிக்கும்போது அமெரிக்கா வந்து சேர்ந்த குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரிச் செலவைப் பற்றி யோசிக்க உங்களுக்கு இரண்டு மூன்று வருடம்தான் இருக்கிறது. இங்கே எது எப்படி நடக்கிறது என்று புரிவதற்குள் அதில் பாதி ஓடிவிடும்.

படிவம், விசா விஷயங்களை முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெச்-4, அதாவது பெற்றோரின் வேலை விசாவை ஒட்டி வரும் விசாவில் இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. கிரீன் கார்டு வந்திருந்தால் அந்த உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை நிரப்பலாம். அதில் இரண்டு வருடம் முந்தைய வருமானத்தைக் கேட்பார்கள். ஹெச்-4 பிள்ளை 21 வயதில் வேறு விசாவுக்கு, பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு, மாற வேண்டிவரும். அப்படி மாறினாலும் ஸ்காலர்ஷிப் தொடருமா என்று சேரும் முன்பே கேளுங்கள். ஹார்வர்ட், பிரின்ஸ்டன் என்று நாம் ஊரிலேயே கேள்விப்பட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும் மதிப்பெண்ணுக்காகப் பணம் தருவதில்லை. அங்கே குடும்ப வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் உதவி.

மதிப்பெண்ணுக்காகத் தரும் மெரிட் பணம் கிடைப்பது வேறு இடங்களில். அலபாமா பல்கலைக்கழகம் போன்றவை இவ்வளவு ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்), இவ்வளவு எஸ்ஏடி (கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண் இருந்தால் இவ்வளவு டாலர் என்று அட்டவணையே போட்டிருக்கின்றன. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில், போட்டியில் வென்ற 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் இருந்தாலே வெளிமாநிலப் பிள்ளையிடம், அந்த மாநிலத்தவருக்கான குறைந்த உள்மாநிலக் கட்டணம் மட்டும் வாங்கச் சட்டம் இடம் தருகிறது. ஜார்ஜியாவில் 1993 முதல் லாட்டரி வருமானத்தில் ஹோப் ஸ்காலர்ஷிப் கொடுக்கிறார்கள். எந்தக் கல்லூரியானாலும் அதன் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று சேர்த்துத் தேடுங்கள். கல்லூரியே தன் விவரங்களை வெளியிடும் அறிக்கை அது. அதில் ஹெச் பகுதியில், பண நெருக்கடி இல்லாத மாணவர்களில் எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று இருக்கும். கல்லூரியின் பெயரை வைத்துக் கனவு காண்பதைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும். நவம்பர் 1க்குள் விண்ணப்பித்தால்தான் மெரிட் பரிசீலனை என்று சில இடங்களில் விதி உண்டு. அதையும் பாருங்கள்.

சரி, இதையெல்லாம் எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஊரில் கணக்கு, இயற்பியல், வேதியியல் சேர்த்து 200க்கு ஒரு கட்-ஆஃப் எடுத்து, கவுன்சிலிங்கில் சீட் வாங்கிவிட்டால் கட்டணம் அதோடு முடிவானது. நடுவில் ஒரு அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். அதற்காக யாரும் கட்டணத்தை ஏற்றுவதில்லை. நாம் எல்லோரும் அப்படிப் படித்து வந்தவர்கள். அதனால் ‘நான்கு வருட ஸ்காலர்ஷிப்’ என்றால் நான்கு வருடமும் வரும் என்றே நம் மனதில் படுகிறது. இங்கே அதை வருடத்துக்கு வருடம் தக்கவைக்க வேண்டும்.

என் நண்பரின் மகனுக்கு வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியலுக்கு இடம் கிடைத்தது. வருடம் 18,000 டாலர், நான்கு வருடத்துக்கு 72,000 என்று கடிதத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மொத்த ஜிபிஏ 3.3, வருடத்துக்கு 30 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள பாட அலகு) என்ற நிபந்தனை இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. பையன் நன்றாகப் படிப்பவன், நம் கண்முன்னே வளர்ந்தவன். இரண்டாம் செமஸ்டரில் இயற்பியல் இடைத்தேர்வு சறுக்கியது. ‘பாடத்தை விட்டுவிடு, மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ (பாடத்திலிருந்து விலகல்) என்றுதான் விழும், ஜிபிஏ கெடாது’ என்றார் கல்லூரி ஆலோசகர். விட்டான். ஜிபிஏ 3.4க்கு மேல் நின்றது. ஆனால் கிரெடிட் 26 ஆகிவிட்டது. முழுநேர மாணவனாக இருக்க செமஸ்டருக்கு 12 போதும் என்பதால் ஆலோசகர் கண்ணில் எந்தத் தப்பும் படவில்லை. ஸ்காலர்ஷிப்பைப் பார்ப்பது வேறு அலுவலகம். பள்ளியிலேயே ஏபி (கல்லூரி அளவிலான பாடம்) தேர்வு எழுதிக் கொண்டுவந்த கிரெடிட்டுகளையும் அவர்கள் சேர்க்கவில்லை. அந்தக் கல்வியாண்டில், அங்கேயே படித்து வாங்கியது மட்டும்தான் கணக்காம். மே மாதமே சொல்லியிருந்தால் ஒரு கோடை வகுப்பில் அந்த நான்கு கிரெடிட்டை நிரப்பியிருப்பான். கடிதம் வந்தது ஜூலை கடைசியில். மிச்சம் மூன்று வருடத்துக்கு 54,000 டாலர் போயிற்று. ஒரு பதினெட்டு வயதுப் பையன் கல்லூரி ஆலோசகரை நம்பியதற்கு இவ்வளவு பெரிய விலையா என்று எனக்கு இன்னமும் ஆத்திரம் தீரவில்லை.

அதனால் மே 1க்குள் இடத்தை உறுதி செய்யும் முன், நிதி உதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள், பதில் எழுத்தில் வேண்டும். ஜிபிஏவை எப்போது பார்ப்பீர்கள், செமஸ்டருக்கா வருடத்துக்கா? 3.29ஐ 3.3 என்று எடுத்துக்கொள்வீர்களா? வருடத்துக்கு எத்தனை கிரெடிட்? விட்டுவிட்ட பாடம், ஏபி, கோடை வகுப்பு எல்லாம் எப்படிக் கணக்காகும்? ஒரு முறை இழந்தால் திரும்பப் பெற வழி உண்டா? ஜார்ஜியா ஹோப்பில் ஜிபிஏ 3.0க்குக் கீழே போய் இழந்தவர்கள், மேலே ஏறினால் ஒரு முறை திரும்பப் பெறலாம். பல கல்லூரிகளில் அந்த வழியே இல்லை. டெக்சாஸ் போன்ற இடத்தில் ஸ்காலர்ஷிப் போனால் அதை ஒட்டி வந்த உள்மாநிலக் கட்டணமும் போகும், அடி இரட்டிப்பாக விழும்.

பொறியியல், மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு என்று போகிற பிள்ளைகளுக்கு முதல் வருடம்தான் கடினம். ஒரே தொகை தரும் இரண்டு கல்லூரிகளில் ஒன்று 3.5 கேட்டு இன்னொன்று 3.0 கேட்டால், 3.0 கேட்கும் இடத்தைத்தான் நான் சொல்வேன்.

யாருக்காவது ஏற்கெனவே இது நடந்திருந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தாலோ, வீட்டில் சாவு நடந்திருந்தாலோ, சான்றுகளோடு மேல்முறையீடு எழுதலாம். கோடையில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (கட்டணம் குறைந்த இரண்டு வருடக் கல்லூரி) படிக்க வைக்கும் முன் மட்டும் விசாரியுங்கள். அங்கே எடுக்கும் பாடத்தின் கிரெடிட் பெரும்பாலும் மாறிவரும், கிரேடு ஜிபிஏவில் சேராது. ஜிபிஏ குறைந்துதான் ஸ்காலர்ஷிப் போனதென்றால் சொந்தக் கல்லூரியின் கோடை வகுப்புக்கே பணம் கட்டுங்கள்.