சமிக்ஞைப் புரதங்களும் வெள்ளணுக்களின் நகர்வும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முள் குத்திய விரலில் சீழ் கட்டுவதற்குக் காரணம், அங்கே வந்து குவிந்து மடியும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள். அவற்றை அங்கே கொண்டுசேர்ப்பதில் பெரும்பங்கு கீமோகைன் எனப்படும் சிறு புரதங்களுக்கு உண்டு. மனித உடலில் ஏறத்தாழ 50 கீமோகைன்களும், அவற்றை உணரும் சுமார் 20 ஏற்பிகளும் அறியப்பட்டுள்ளன. இதை எளிமையாகச் சொல்லப்போய்ச் சில பிழைகள் பாடக் குறிப்புகளிலேயே நிலைத்துவிட்டன.

இரத்தத்தில் கரைந்து மிதக்கும் கீமோகைனை மோப்பம் பிடித்து வெள்ளணு நீந்திப் போகிறது என்று எழுதுவது அவற்றுள் பரவலானது. ஓடும் இரத்தத்தில் கரைந்த புரதம் உருவான இடத்தில் நிற்காது, அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஆகவே கீமோகைன்கள் இரத்தக் குழாயின் உட்சுவரிலுள்ள ஹெபரான் சல்ஃபேட் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. குழாய்ச் சுவரிலுள்ள செலக்டின் என்னும் ஒட்டுப் புரதங்கள் பிடித்துப் பிடித்து விடுவதால் சுவரோரம் மெல்ல உருண்டுவரும் நியூட்ரோஃபில் அந்தக் கீமோகைனைத் தொட்டதும், அதன் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்னும் பற்றுப் புரதங்கள் நொடிப்பொழுதில் வடிவம் மாறிச் சுவரை இறுகப் பற்றுகின்றன. அதன் பின்னரே அணு தட்டையாகிச் சுவரைக் கடந்து வெளியேறுகிறது. சமிக்ஞை இருந்தும் இன்டெக்ரின் பழுதானால் என்ன நேரும் என்பதற்கு ஓர் அரிய பிறவிக் குறைபாடு சான்று: அக்குழந்தைகளின் இரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் மிகுந்திருக்கும், புண்ணிலோ சீழே வைக்காது.

கீமோகைன் கூடக் கூட வேகமும் கூடும் என்று கொள்வதும் தவறு. திசையறிய அணுவுக்குத் தேவைப்படுவது அளவு அன்று, வேறுபாடு. ஒரு நியூட்ரோஃபில் தன் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே ஓரிரு விழுக்காடு செறிவு வேறுபாடு இருந்தாலே திசையைக் கண்டுகொண்டு, முன்பக்கத்தில் ஆக்டின் இழைகளை வளர்த்து நீட்டி, பின்பக்கத்தை மயோசினால் சுருக்கி இழுத்தபடி நகரும். எங்கும் ஒரே செறிவாக இருந்தால் திசையின்றி அலையும். ஆய்வகத்தில், கீழறையில் கீமோகைனை இட்டு, நுண்துளைச் சவ்வின் வழியே மேலறையிலிருந்து அங்கே வந்த அணுக்களை மட்டும் எண்ணிவிட்டு 'ஈர்க்கப்பட்டன' என்று முடிவெழுதுவது ஆபத்தானது. இரு அறைகளிலும் சம அளவு கீமோகைன் இட்டு ஒருமுறை சோதிக்க வேண்டும். அப்போதும் அதே எண்ணிக்கையில் இறங்கினால், நடந்தது ஈர்ப்பு அன்று, வெறும் அலைச்சல்.

பெயரும் ஏமாற்றும்: இன்டர்லூகின்-8 என்பது பெயரளவில் இன்டர்லூகின் (வெள்ளணுக்களிடையே செய்தி கடத்தும் புரதவகை), செயலில் கீமோகைன்.

சமிக்ஞை என்றாலே 'வா' என்ற அழைப்பு என்று நினைப்பதும் சரியன்று, 'இங்கேயே இரு' என்பதும் சமிக்ஞைதான். எலும்பு மஜ்ஜையில் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12, தன் ஏற்பியான சிஎக்ஸ்சிஆர்4 வழியாக அணுக்களை அங்கேயே பிடித்துவைக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்தும் பிளெரிக்ஸாஃபோர் என்ற மருந்தைக் கொண்டு, மாற்றுச் சிகிச்சைக்கு வேண்டிய குருத்தணுக்களை இரத்தத்துக்கு வரவழைத்துச் சேகரிக்க முடிகிறது. மாறாக, அந்த ஏற்பி மரபுப் பிழையால் மிகையாக இயங்கினால், நியூட்ரோஃபில்கள் மஜ்ஜையில் நிறைந்திருந்தும் இரத்தத்தில் அருகிப்போகும்.

இங்கிருந்துதான், என் பார்வையில், நடைமுறையில் மிகவும் கவனிக்க வேண்டிய தவறு பிறக்கிறது: இரத்தப் பரிசோதனை எண்ணை அப்படியே உற்பத்தியாகவோ அழிவாகவோ படிப்பது. அந்த எண், எடுத்த சில மில்லிலிட்டரில் அந்நேரம் ஓடிக்கொண்டிருந்த அணுக்களின் கணக்கு மட்டுமே. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு எடுத்தவருக்கு நியூட்ரோஃபில் கூடுவதில், குழாய்ச் சுவரோரம் ஒதுங்கியிருந்தவை ஓட்டத்தில் கலப்பதற்கும் பங்குண்டு. அதைக் கண்டவுடன் தொற்று என்று முடிவுகட்டக் கூடாது. கக்குவான் இருமலில் லிம்போசைட் என்னும் மற்றொரு வகை வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஏறுவது, கீமோகைன் ஏற்பிகள் செல்லுக்குள் செய்தி அனுப்பத் தேவையான ஜி புரதத்தை அந்தப் பாக்டீரியாவின் நச்சு முடக்கிவிடுவதால். லிம்போசைட்டுகள் இரத்தத்தை விட்டு நிணநீர்க் கணுக்களுக்குள் நுழைய வழியின்றி ஓட்டத்திலேயே தேங்குகின்றன.

இதற்கு நேர்மாறானது ஃபிங்கோலிமோட். பன்முகத் தண்டுவட மரப்பு நோய்க்குத் தரப்படும் இம்மருந்து, லிம்போசைட்டுகள் கணுக்களைவிட்டு வெளியேற உதவும் ஏற்பியைச் செயலிழக்கச் செய்கிறது. அந்த ஏற்பியைத் தூண்டுவது புரதமன்று, ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்னும் கொழுப்பு மூலக்கூறு. இரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தாலும், அவற்றுள் பெரும்பாலானவை அழிந்துவிடுவதில்லை, கணுக்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. மருந்தை நிறுத்தியபின் பொதுவாக ஓரிரு மாதங்களில் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்புகிறது.