ஜெட் படகின் ஸ்டீயரிங் இறுகினால் முதலில் சக்கரத்தைக் கழற்றாதீர்கள்

கடந்த மாதம் ஆறு கடலோடு சேரும் மணக்குடிப் பொழிமுகத்தின் கரையில், டிரெய்லரில் ஏற்றி நிறுத்திய ஒரு ஜெட் படகை இரண்டு இளைஞர்கள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டீயரிங் இறுகிவிட்டது என்பது உரிமையாளரின் புகார். நான் போய்ச் சேர்வதற்குள் முன்பலகையைத் திறந்து, ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றி, அதன் பல்சக்கரப் பெட்டியையும் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே தவறைச் செய்தவன் என்பதால், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனம் வரவில்லை. பெட்ரோல் தீர்ந்தது, பேட்டரி இணைப்பு தளர்ந்தது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளத்து எஞ்சின்களில் கை பழகியவர்கள் ஜெட் படகுக்கு வரும்போது தவறுகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

முன்னாலிருந்து தேடத் தொடங்குவது

ஜெட் படகுக்குச் சுக்கான் கிடையாது. படகின் அடியிலுள்ள வாய் வழியாக இம்பெல்லர் என்ற சுழல்விசிறி உறிஞ்சும் நீர், பின்புறத்து நாசில் என்ற குறுகிய குழாய்முனை வழியாகப் பீறிட்டு வெளியேறுகிறது. அந்த நாசில் இடமோ வலமோ திரும்பும்போது படகும் திரும்புகிறது. சக்கரத்தையும் நாசிலையும் இணைப்பது ஒரு கேபிள். ஆகவே இறுக்கம் நாசில் திரும்பும் மூட்டான கீலில் இருக்கலாம், கேபிளில் இருக்கலாம், பல்சக்கரப் பெட்டியில் இருக்கலாம். உப்பும் மணலும் நேராகப் படுவது நாசிலிலும் கேபிளின் பின்முனையிலும்தான். பெட்டியோ ஓரளவு உலர்ந்த இடத்தில் இருக்கிறது. அப்படியிருக்க, பெட்டியையே முதலில் பிரிப்பது ஏன்?

எஞ்சினை நிறுத்திவிட்டு, நாசிலிலிருந்து கேபிளைக் கழற்றி, நாசிலைக் கையால் இருபுறமும் அசைத்துப் பாருங்கள். அசைய மறுத்தால் கீலில் உப்புப் படிந்திருக்கிறது என்று பொருள். பிரித்துச் சுத்தம் செய்து, கடல்நீருக்கு உரிய கிரீஸ் வைத்தால் போதும். நாசில் தாராளமாக அசைந்து, சக்கரம் மட்டும் இறுக்கமாகவே இருந்தால், கேபிளின் முன்முனையையும் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் திருப்புங்கள். இப்போது எளிதாகச் சுழன்றால் குற்றவாளி கேபிள். அப்போதும் இறுகினால் மட்டுமே பெட்டியைத் தொட வேண்டும். இதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது.

துபாயில் வேலை பார்த்தபோது நான் இந்த அரைமணியைச் செலவிடாமல், பெட்டி பழுது என்று உறுதியாகச் சொல்லி, புதிய பெட்டியை வரவழைத்து மாட்டினேன். இறுக்கம் அப்படியே இருந்தது. கேபிளின் பின்முனையிலிருந்த ரப்பர் உறை கிழிந்து, கடல்நீர் புகுந்து, உள்கம்பி துருவேறிப் பருத்திருந்தது. பெட்டியின் விலையை என் சம்பளத்தில் பிடித்தார்கள், அது நியாயம்தான்.

இதைவிட எனக்குக் கோபமூட்டுவது, துருப்பிடித்த கேபிளுக்குள் எண்ணெயை ஊற்றி, 'சரியாகிவிட்டது' என்று படகைத் திருப்பிக் கொடுப்பது. சில நாட்களுக்கு அது இளகியிருக்கும், உரிமையாளரும் நம்பிவிடுவார். ஆனி, ஆடி மாதங்களில் அலை மடங்கும் பொழிமுகத்தில் அந்தக் கம்பி அறுந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் படகைத் திருப்ப வழியில்லை. அத்தகைய கேபிளை மாற்றத்தான் வேண்டும். அதுவும் பழையதன் நீளத்திலேயே வாங்க வேண்டும்.

வேகத்தைக் குறைத்துவிட்டு ஸ்டீயரிங்கைக் குறை சொல்வது

நீர் பீறிடாவிட்டால் படகு திரும்பாது. அது பழுதன்று.

கரையோர மணலில் எஞ்சினை முடுக்குவது

1950களில் நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளுக்காக வில்லியம் ஹாமில்டன் ஜெட் படகை உருவாக்கினார் என்பதைக் கேட்டவர்கள், முழங்காலளவு நீரிலேயே எஞ்சினை முடுக்குகிறார்கள். வேகமாக ஓடும் படகு ஆழமற்ற நீரைக் கடந்துவிடும். நின்ற இடத்தில் முடுக்கினாலோ அது மணலை அள்ளி உறிஞ்சும். மணல் உராய்ந்து இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையிலான இடைவெளி கூடிவிட்டால், எஞ்சினின் இரைச்சல் ஏறும், படகின் வேகம் ஏறாது.

சிக்கிய வலைத் துண்டை எஞ்சின் ஓடும்போது இழுப்பது

ஒருபோதும் கூடாது. எஞ்சினை நிறுத்தி, கழற்றினால் எஞ்சின் இயங்காதபடி செய்யும் பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிய பிறகே கையை உள்ளே விடுங்கள்.

நன்னீர்க் குழாயை முதலில் திறப்பது

கடல்நீரே எஞ்சினைக் குளிர்வித்துப் புகைக்குழாய் வழியாக வெளியேறும் படகுகளில், உப்பைக் கழுவும்போது எஞ்சினை இயக்கிய பிறகே குழாயைத் திறக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது உள்ளே போகும் நீரை வெளியே தள்ளப் புகை இல்லாததால், அது பின்வாங்கி எஞ்சினுக்குள்ளேயே புகுந்துவிடும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடிவிட்டு, சில நொடிகளில் எஞ்சினை நிறுத்துங்கள்.

துத்தநாகக் கட்டிக்குப் பெயிண்ட் அடிப்பது

கடல்நீரில் மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடவே அந்தக் கட்டி படகில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன்மேல் பெயிண்ட் படக்கூடாது.