மலை கரைவதை அளப்பது: பினாங்கு ஓடைகளில் நீரோட்டமும் கலங்கலும்

மழையில்லாத நாளில் தண்ணீர்மலைப் பக்கம் போனால், சுங்கை ஆயர் தெர்ஜுன் என்னும் ஓடை, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்து ஓடும். மேலே கொடிமலையில் (பினாங்கு ஹில்) மழை பிடித்து அரை மணி ஆனதும் அதே ஓடை தே தாரிக் என்னும் பால் தேநீரின் நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிறத்தில் இறங்கிப் போவது மலையின் மண். பினாங்குத் தீவின் குன்றுகள் கருங்கல்லால் ஆனவை. வெயிலும் மழையும் பட்டுப் பட்டு அந்தக் கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது, குவார்ட்ஸ் மணலாக மிஞ்சுகிறது. காடு மூடியிருக்கும் சரிவில் இரண்டும் மெதுவாகத்தான் இறங்கும். சரிவை வெட்டிவிட்டால் ஒரே மழையில் இறங்கும்.

எவ்வளவு இறங்குகிறது என்று சொல்ல இரண்டு எண்கள் போதும். ஒன்று, நொடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் போகிறது என்பது. மற்றொன்று, அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மண் இருக்கிறது என்பது. இரண்டையும் பெருக்கினால் மண்ணின் கணக்கு வந்துவிடும். பள்ளி அறிவியல் கழகங்கள் பெரும்பாலும் வெயிலடிக்கும் சனிக்கிழமை காலையில் போய் அளந்து, அதோடு நிறுத்திவிடுகின்றன. அந்த எண் ஒப்பிடுவதற்குத்தான் உதவும். ஆண்டு முழுவதும் இறங்கும் மண்ணில் பெரும்பங்கு சில மழைகளின் சில மணி நேரங்களில் போய்விடுகிறது. மழை நேரத்தைப் பிடிக்காத அளவீடு, மலையைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாது. ஆகவே இந்தக் குறிப்பில் மழை நேரத்துக்கே அதிக இடம்.

முதலில் அனுமதி. தாவரவியல் பூங்காவுக்குள் அளக்கப் பூங்கா நிர்வாகத்திடமும், பாலத்திலோ வாய்க்கால் சுவரிலோ எதையாவது பொருத்த நீர்ப்பாசன வடிகால் இலாகாவிடமும் எழுதிக் கேளுங்கள். குடிநீர் எடுக்கும் இடங்களின் வேலிக்குள் போகவே கூடாது. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் வாட்டர்ஃபால் ரோடு முழுக்கக் கூட்டமாக இருக்கும், அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் இங்கே கனமழைக் காலம். ஏப்ரல், மே மாதங்களிலும் நல்ல இடி மழை உண்டு. ஜனவரி, பிப்ரவரி வறண்டிருக்கும். அடிப்படை அளவுகளை அப்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம் தேர்வதில் அவசரப்பட வேண்டாம். பத்து மீட்டர் நீளத்துக்கு நேராக ஓடும் பகுதி வேண்டும். அகலம் பெரிதாக மாறக் கூடாது, நடுவில் பாறை நிற்கக் கூடாது, ஓரத்தில் தண்ணீர் பின்னோக்கிச் சுழலக் கூடாது. மேலே ஆட்கள் குளிக்கும் இடமாக இருந்தால் அவர்கள் கலக்கிய மண்ணைத்தான் நீங்கள் அளப்பீர்கள். பக்கத்தில் நடைபாலம் இருந்தால் மிக நல்லது; மழையில் அது இல்லாமல் வேலை நடக்காது.

தெளிந்த நாளில் ஓடையின் குறுக்கே அளவு நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். ஓர் ஓரத்திலிருந்து அரை மீட்டருக்கு ஒரு முறை ஆழம் பாருங்கள். ஓடை இரண்டு மீட்டருக்கும் குறுகலாக இருந்தால் 20 செ.மீ.க்கு ஒரு முறை. அளவுகோலின் தட்டையான முகத்தை ஓட்டத்துக்கு எதிரே பிடித்தால் தண்ணீர் அதன்மேல் ஏறி நின்று, ஆழத்தைக் கூட்டிக் காட்டும். மெல்லிய விளிம்பை எதிரே பிடியுங்கள். கோல் மணலுக்குள் புதைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து மீட்டரின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் இப்படிச் செய்து, மூன்று பரப்பின் சராசரியை எடுங்கள்.

மூன்று மீட்டர் அகலமுள்ள ஓர் ஓடையை எடுத்துக்கொள்வோம். அரை மீட்டர் இடைவெளியில் ஆழங்கள் 0, 0.12, 0.20, 0.26, 0.22, 0.10, 0 மீட்டர். கூட்டினால் 0.90. அதை 0.5ஆல் பெருக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு 0.45 சதுர மீட்டர். இரு ஓரத்திலும் ஆழம் சுழியாக இருக்கும்போது இந்த எளிய கணக்குச் சரியாக வரும்.

அடுத்து வேகம். மிதவைக்கு ஆரஞ்சுப் பழத்தைப் போடச் சொல்வது வழக்கம். அது முக்கால்வாசி மூழ்கி மிதப்பதால் காற்று தள்ளாது. பூங்காப் பக்கத்தில் மட்டும் பழம் வேண்டாம். அங்குள்ள குரங்குகள் அதைத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விடும், அவற்றுக்குத் தீனி போடுவதும் தடை. 100 மில்லி மருந்துப் போத்தலில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் நிரப்பி மூடி, சிவப்பு நாடா சுற்றிக்கொள்ளுங்கள். தொடக்கக் கோட்டுக்கு இரண்டு மீட்டர் மேலே விடுங்கள். கோட்டைத் தொடும்போது அது ஓடையின் வேகத்தை எட்டியிருக்கும். இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி விட்டு, குறைந்தது ஆறு நல்ல ஓட்டங்கள் கிடைக்கும்வரை செய்யுங்கள். கல்லில் தட்டி நின்ற ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஆனால் அதையும் குறித்து வையுங்கள். கீழே ஒருவர் வலையோடு நிற்க வேண்டும். ஒரு போத்தல்கூடக் கடலுக்குப் போகக் கூடாது.

ஆறு ஓட்டங்களும் 22, 25, 24, 24, 23, 26 நொடி என்று வந்தால் சராசரி 24 நொடி, வேகம் நொடிக்கு 0.417 மீட்டர். இது மேற்பரப்பின் வேகம். அடியில் கல்லும் மணலும் தண்ணீரைப் பிடித்து இழுப்பதால் மொத்தத் தண்ணீரின் வேகம் இதைவிடக் குறைவு. கல் நிறைந்த ஓடைக்கு 0.8ஆலும், சிமெண்ட் வாய்க்காலுக்கு 0.85 முதல் 0.9 வரையும் பெருக்குவது நடைமுறை. 0.417 × 0.8 × 0.45 என்றால் நொடிக்கு 0.15 கன மீட்டர், அதாவது 150 லிட்டர். 600 லிட்டர் வீட்டுத் தொட்டி நான்கு நொடியில் நிரம்பும் ஓட்டம் அது. இந்த முறையில் 20 விழுக்காடு வரை பிழை வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தசமத்துக்குச் சண்டை போடுவதில் பயன் இல்லை.

மழை நேரத்தில் இந்த வேலையைத் தண்ணீரில் இறங்கிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதற்காகத்தான் அளவுப் பலகை. பாலத் தூணிலோ சுவரிலோ செ.மீ. கோடுகள் போட்ட பலகையைப் பொருத்தி, வெவ்வேறு நீர்மட்டத்தில், பாதுகாப்பாக இறங்க முடிந்த நாட்களில் எல்லாம், மட்டத்தையும் ஓட்டத்தையும் சேர்த்து அளந்து வாருங்கள். பத்துப் பதினைந்து சோடிகள் சேர்ந்ததும் இரு அச்சும் மடக்கை (log) அளவில் உள்ள வரைதாளில் புள்ளி வைத்தால் ஏறக்குறைய நேர்கோடாக விழும். பிறகு மழையில் பலகையை எட்ட நின்று படித்தாலே ஓட்டம் தெரியும். கோடு நீங்கள் அளந்த மிக உயர்ந்த மட்டத்தோடு நிற்கிறது. அதற்கு மேல் நீட்டிப் படித்தால் அது ஊகம்தான், அப்படி என்றே எழுதி வையுங்கள்.

ஆபத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கெப்பாலா ஆயர் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் நீர்த்தலை, அதாவது மேலிருந்து திடீரெனப் பாய்ந்து வரும் வெள்ளம், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழை இல்லாதபோதும் வரும். தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கூடினாலோ கருவியை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்கவே வேண்டாம். கையில் காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. பூட்ஸும் கையுறையும் போடுங்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைத் தாக்கிய பெருமழையில் வெள்ளத்தோடு மண்சரிவுகளும் ஏற்பட்டன. அப்படிப்பட்ட இரவில் யாரும் ஓடையருகே நின்று மாதிரி எடுக்கத் தேவையில்லை, ஆள் இல்லாமலே எடுக்கும் போத்தல் ஒன்றைச் செய்யலாம்.

இதை மழையில் ஏறும் தண்ணீர் தானே நிரப்பிக்கொள்ளும். தண்ணீர் ஏறும் நேரத்தின் மாதிரிதான் மிக அருமையானது: மழையின் முதல் அலையே பாதையிலும் சரிவிலும் தளர்ந்து கிடந்த மண்ணை வாரிக்கொண்டு வருவதால், சிறு ஓடைகளில் கலங்கலின் உச்சம் பெரும்பாலும் வெள்ளத்தின் உச்சத்துக்கு முன்பே வந்துவிடும். வெள்ளம் வடியும்போது போய் எடுத்தால், அதே மட்டத்தில் பாதி மண்கூட இல்லாமல் போகலாம்.

500 மில்லி பிளாஸ்டிக் போத்தல், இரண்டு துளை உள்ள ரப்பர் அடைப்பான், ஏர்கான் பழுதுபார்ப்பவர்களிடம் கிடைக்கும் கால் அங்குலச் செம்புக் குழாய் இரண்டு துண்டு. முதல் குழாய் நீர் உள்ளே வர. அடைப்பானிலிருந்து மேலே போய், வளைந்து, வாய் கீழ்நோக்கி ஐந்து செ.மீ. இறங்கட்டும். இரண்டாவது காற்று வெளியேற. அதன் வளைவு முதலாவதைவிடப் பதினைந்து செ.மீ. உயரமாகவும், மழைத்துளி விழாதபடி வாய் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். போத்தலுக்குள் காற்றுக் குழாயின் முனை அடைப்பானுக்குக் கீழே இரண்டு செ.மீ. இறங்கினால் போதும்; நீர்க்குழாய் அதைவிடத் தாழ்ந்திருக்கட்டும். ஓடை நீர் முதல் குழாயின் வளைவைத் தொட்டதும் சைஃபன் பிடித்து நீர் உள்ளே ஓடும். உள்ளே நீர் ஏறிக் காற்றுக் குழாயின் முனையை மூடியதும் மிஞ்சிய காற்று அடைபட்டு, ஓட்டம் நின்றுவிடும்.

இரண்டு வளைவையும் ஒரே உயரத்தில் வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அப்படி வைத்தால் போத்தல் நிரம்பிய பிறகும் ஒன்றில் நீர் நுழைந்து மற்றதில் வெளியேறும். மண் மட்டும் உள்ளே தங்கித் தங்கிச் சேரும், கணக்கு பல மடங்கு பொய்யாகும். ஓடைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டில் ஒரு டிரம் தண்ணீரில் மெல்ல அமுக்கிப் பாருங்கள். நீர்க்குழாயின் வளைவு மூழ்கும் கணத்தில் காற்றுக் குழாயிலிருந்து காற்று வெளியேறத் தொடங்க வேண்டும், போத்தல் கழுத்தருகே வந்து நிற்க வேண்டும். அதற்கு முன்பே குமிழ்விட்டால் அடைப்பான் கசிகிறது.

மூன்று போத்தல்களைத் துத்தநாகம் பூசிய இரும்புக் கோணத்தில், வழக்கமான மட்டத்துக்கு 10, 25, 40 செ.மீ. மேலே அவற்றின் நீர்க்குழாய் வளைவுகள் வரும்படி பட்டைக் கிளிப்பால் இறுக்குங்கள். வாரம் ஒருமுறை குழாய் வாயில் பூச்சிக் கூடோ சருகோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தப் போத்தல் நுண்மண்ணை நன்றாகப் பிடிக்கும், பருமணலைக் குறைத்தே பிடிக்கும். அடியில் உருண்டு போகும் மணலையும் கல்லையும் இந்தக் கணக்கு தொடுவதே இல்லை.

மழை நேரத்தில் பாலத்தில் நிற்க முடிந்தால், கயிறு கட்டிய எடைபோட்ட போத்தலை ஒரே சீரான வேகத்தில் அடிவரை இறக்கி ஏற்றுங்கள். தரையைத் தொட்டால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். போத்தல் கழுத்துவரை நிரம்பியிருந்தாலும் அப்படியே, எந்த ஆழத்தில் நிரம்பியது என்று தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒன்று எடுத்து, ஒவ்வொன்றிலும் நேரமும் பலகை மட்டமும் எழுதுங்கள். மாதிரிகளை இருட்டில், 4 டிகிரி குளிரில் வைத்து ஏழு நாளுக்குள் வடிகட்டுங்கள்.

எடுத்த மாதிரியை வெளிச்சத்தில் பிடித்தால் மலையின் உள்ளமைப்பே தெரியும். மணல் அரை நிமிடத்தில் அடியில் படிந்துவிடும். அதற்கு மேலே அபிரகச் செதில்கள் மினுங்கிக்கொண்டு சுற்றும். களி மட்டும் அசையாமல் நிற்கும். மிக நுண்ணிய களித்துகள் பத்து செ.மீ. இறங்க ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் குலுக்கிவிட்டுக் கொஞ்சம் ஊற்றி எடுப்பது ஆபத்து: ஊற்றுவதற்குள் மணல் தங்கிவிடும். போத்தலில் உள்ள முழு அளவையும் வடிகட்டிவிடுங்கள்.

வடிகட்ட 1.5 மைக்ரான் கண்ணாடி இழைத் தாள் வேண்டும்; காப்பி வடிகட்டும் தாள் களியை விட்டுவிடும். தாளை முன்பே கழுவி, 103 முதல் 105 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, ஈரம் படாமல் ஆறவைத்து எடை போடுங்கள். வடிகட்டிய பின் மறுபடி அதேபோல், எடை மாறாமல் நிற்கும்வரை. முழுப் போத்தலிலும் 250 மில்லி இருந்து, எடை 24 மில்லிகிராம் கூடியிருந்தால் லிட்டருக்கு 96 மில்லிகிராம். நொடிக்கு 150 லிட்டர் ஓட்டத்தில் அது 14.4 கிராம், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 52 கிலோ. ஒரு மூட்டை சிமெண்ட் அளவு மண், மூன்று மீட்டர் ஓடையில், கலங்கல் கண்ணுக்கு இலேசாகத்தான் தெரியும் நிலையில்.

பள்ளித் தராசு பெரும்பாலும் 0.01 கிராம்தான் காட்டும், அதில் 24 மில்லிகிராம் என்பது இரண்டு கோடு. அந்தத் தராசை வைத்துக்கொண்டு முடிவு எழுதாதீர்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றின் உதவியைக் கேளுங்கள், அல்லது ஐந்தாறு லிட்டரை ஒரே தாளில் வடிகட்டுங்கள். சருகுத் தூள் நிறைய இருந்தால் தாளை 550 டிகிரியில் எரித்து மறுபடி எடை போட்டால், குறைந்தது பெரும்பாலும் இலை, மிஞ்சியது மண்.

மழை அளவுக்கு நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் இணையதளமான பப்ளிக் இன்ஃபோபஞ்சிரில் பக்கத்து நிலையத்தைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீர்மலைக் கோயில் வாசலில் வெயிலடிக்க, மேலே கொட்டித் தீர்க்கும் நாட்கள் இங்கே சாதாரணம். முடிந்தால் மலைமேல் அனுமதி பெற்ற இடத்தில் ஒரு மழைமானி வையுங்கள்.

பெருவெள்ளம் ஒன்று வடிந்ததும் முதல் வேலை, குறுக்குவெட்டை மறுபடி அளப்பது. மணல் வந்து மேடிட்டிருக்கும், அல்லது அடி அரித்துப் பள்ளமாகியிருக்கும். இரண்டில் எது நடந்திருந்தாலும் பழைய பலகைக் கோடு அன்றோடு செல்லாது. நோட்டில் தேதி போட்டுக் கோடு கிழித்து, புதுச் சோடிகளை அதற்குக் கீழே எழுதத் தொடங்குங்கள்.