தண்ணீரை ஒளிர வைப்பது எப்படி: டானிக் வாட்டர், ஹைலைட்டர், பி காம்ப்ளெக்ஸ்

முதலில் ஒரு புற ஊதா டார்ச் வாங்குங்கள். மலிவானவை பெரும்பாலும் 395 நானோமீட்டர் அலைநீளம், ஹைலைட்டருக்கு (வரிகளை வண்ணமிட்டுக் காட்டும் பேனா) அது தாராளம்; ஆனால் டானிக் வாட்டருக்கு (கசப்பான ஒரு சோடா பானம்) 365 தான் சரி. எதுவானாலும் கண்ணில் அடிக்கக் கூடாது, குழந்தைகள் கையில் தனியாகக் கொடுக்கவும் கூடாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது டானிக் வாட்டர்தான். எதுவும் கலக்க வேண்டாம், கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அறையை நன்றாக இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது அப்படியே நீலமாக ஒளிரும். கசப்புக்காகச் சேர்க்கும் குவினைன் செய்கிற வேலை அது. 1845-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் குவினைன் கரைசலில் பார்த்து எழுதியதும் இந்த நீலத்தைத்தான். அப்புறம் அதில் ஒரு ஸ்பூன் உப்பைப் போடுங்கள் (பொங்கும், கீழே தட்டு வையுங்கள்). ஒளி மங்கிவிடும், ஏனென்றால் உப்பிலுள்ள குளோரைடு குவினைனின் ஒளிர்வைத் தணித்துவிடுகிறது. இதை அவசியம் செய்து பாருங்கள்.

பச்சை வேண்டுமென்றால் மஞ்சள் ஹைலைட்டர். பின்மூடியைக் கழற்றி, மை ஊறிய பஞ்சை எடுத்துத் தண்ணீரில் கொஞ்சமாகப் பிழியுங்கள். மை அதிகமானால் டார்ச் படும் ஓரம் மட்டும்தான் ஒளிரும், உள்ளே போகாது. குடித்துவிடாதீர்கள்.

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து வடிகட்டினாலும் மஞ்சள் கலந்த பச்சை வரும். அப்படி ஒளிர்வது அதிலுள்ள ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2); அது வெளிச்சம் பட்டால் சிதையும், அதனால் தேவைப்படும்போது கரைத்தால் போதும்.